முன் பிரேக்கா, பின் பிரேக்கா, இரண்டுமா?

"வலது கைப் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவே." நம் ஊரில் சைக்கிள் கற்றுக்கொண்டவர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. எனக்கு அப்பா சொன்னார். அப்பாவுக்கு வாடகை சைக்கிள் கடைக்காரர் சொன்னாராம். நானும் வார்த்தை மாறாமல் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பலனை ஆனி மாதம், பள்ளி திறந்த சில நாளிலேயே, லால்குடி சாலையில் பார்த்தேன்.

பள்ளி விட்டு வீட்டுக்கு வருகிறோம். அவள் முன்னே, நான் இருபதடி பின்னே. ஷேர் ஆட்டோ ஒன்று, ஓரத்தில் கை காட்டிய ஒரு அம்மாவுக்காகச் சடாரென்று நின்றது. மகள் பிரேக் பிடித்தாள். பின் சக்கரம் கிறீச்சென்று தேய்ந்தது, சைக்கிளின் பின்பக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கியது, வேகம் மட்டும் குறைந்தபாடில்லை. ஆட்டோவின் பின்புறத்தில் முட்டித்தான் நின்றாள். அடி ஒன்றும் இல்லை. முன் மட்கார்டு நெளிந்தது, டிபன் பாக்ஸ் உருண்டு ரோட்டோரச் செடிக்குள் போனது. "பிரேக் புடிச்சேன்ப்பா, நிக்கவே இல்ல" என்றாள். பொய் சொல்லவில்லை. பின் டயர் தார்ச் சாலையில் கறுப்பாக ஒரு கோடு இழுத்திருந்தது. வலது கை மட்டும் ஹேண்டில் பாரைக் கெட்டியாகப் பிடித்திருந்ததே ஒழிய, அந்தப் பக்கத்து முன் பிரேக் லிவரைத் தொடவே இல்லை.

அவசரத்தில் எதைப் பிடிப்பது என்று அவளுக்கு இனி என்ன சொல்வது? பின் பிரேக் மட்டும், முன் பிரேக் மட்டும், இரண்டும் சேர்த்து, பிரேக்கை விட்டுவிட்டு ஒடித்துத் திருப்புவது, காலை ஊன்றுவது என்று நாலைந்து வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் வாய்ப்பேச்சில் எடை போடுவதை விட ஓட்டிப் பார்ப்பது நல்லது என்று பட்டது.

ஆடி பிறந்தால் கல்யாண மண்டபங்களின் பார்க்கிங் காலி. எங்கள் தெருமுனை மண்டபத்து வாட்ச்மேன் தெரிந்தவர், ஞாயிற்றுக்கிழமை காலை கேட்டைத் திறந்துவிட்டார். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. என் கியர் சைக்கிளில் வேகம் காட்டும் மீட்டர் உண்டு. மகளை ஒட்டிப் போய், மணிக்கு 18 கிலோமீட்டர் வந்ததும் "சரி" என்பேன். அவள் அதே வேகத்தில் போய்க் கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும். நின்ற இடம் வரை தப்படி போட்டு அளப்பேன்.

பின் பிரேக் மட்டும்: 7 தப்படி. திரும்பச் செய்தாள், மறுபடி 7. மூன்றாவது முறை ரொம்ப அழுத்திப் பிடித்ததில் சக்கரம் சறுக்கி 8 ஆனது. இரண்டு பிரேக்கும்: பயந்து பயந்து பிடித்தும் 5. கொஞ்சம் பழகிய பிறகு 4. அந்த மூன்று தப்படி வித்தியாசம்தான் அன்றைக்கு ஆட்டோவுக்கும் அவளுக்கும் நடுவில் இல்லாமல் போன இடம்.

ஏன் பின் பிரேக் கைவிடுகிறது

டவுன் பஸ்ஸில் டிரைவர் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் மொத்தமாக முன்னால் சாய்வார்கள். சைக்கிளிலும் அதே கதை. எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் உடம்பின் பாரம் முன் சக்கரத்தின் மேல் ஏறும், பின் சக்கரம் லேசாகும். லேசான சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் இல்லை. இன்னும் அழுத்தினால் இன்னும் லேசாகும், கடைசியில் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சறுக்கும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிற பிரேக் அது. பிரேக் கட்டையை மாற்றினாலும் ஒயரை இறுக்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. நல்ல பின் பிரேக்கில்தான் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

கணக்காகவே சொல்கிறேன். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண சைக்கிள், காய்ந்த தார்ச் சாலை. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் எவ்வளவு திறமையாகப் பிடித்தாலும் நிற்க ஏறக்குறைய 10 மீட்டர் வேண்டும். முன் பிரேக்கை முழுசாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் அதே வேகத்தில் 5 மீட்டரில் நிற்கலாம். 30 கிலோமீட்டரில் இது 14க்கு 7. இதெல்லாம் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். ஆபத்தைப் பார்த்து விரல் லிவருக்குப் போய்ச் சேர ஒரு விநாடி ஆனால், 25 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள்ளேயே 7 மீட்டர் கடந்துவிடும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரியும். நல்ல டயர் போட்ட கார், காய்ந்த சாலையில் நம்மை விடக் குறைந்த தூரத்தில் நிற்கும். காருக்குக் குப்புறக் கவிழும் கவலை கிடையாது. ஆகவே முன்னால் போகும் காரின் வாலை ஒட்டிக்கொண்டு போகிறவர் எந்தப் பிரேக்கை நம்பிப் போகிறார் என்று எனக்குப் புரிவதில்லை.

மோட்டார் சைக்கிளுக்கு இந்தப் பிரச்சினையைச் சட்டத்தாலேயே தீர்க்கப் பார்த்தார்கள். இந்தியாவில் விற்கும் 125 சிசி வரையிலான புது வண்டிகளில், பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ்ஸோ இருந்தாக வேண்டும் என்று 2019 ஏப்ரலில் விதி வந்தது. அதற்கு மேல் சிசி உள்ள வண்டிகளுக்கு ஏபிஎஸ்ஸே கட்டாயமானது. சைக்கிளில் அந்த ஏற்பாட்டை நம் இரண்டு கைகள்தான் செய்ய வேண்டும். மின் சைக்கிள்களுக்கு பாஷ் நிறுவனம் 2018இல் ஏபிஎஸ் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. முன் சக்கரம் பூட்டிக்கொள்வதையும் பின் சக்கரம் தூக்குவதையும் அது தடுக்கும். நம் தெருவில் அதைத் தேட வேண்டாம்.

அப்படியானால் முன் பிரேக் மட்டும் போதுமா?

போதும் என்று சொன்ன பெரிய ஆள் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சைக்கிள் கடை மெக்கானிக்காக இருந்து, 2008இல் காலமான ஷெல்டன் பிரௌன். காய்ந்த, நல்ல சாலையில் மிகக் குறைந்த தூரத்தில் நிற்க வேண்டுமென்றால், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பப் போகிற அளவுக்கு முன் பிரேக்கைப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் பின் சக்கரத்தில் பாரமே இல்லாததால் பின் பிரேக்குக்கு வேலையும் இல்லை என்பது அவர் வாதம். கணக்குப்படி அவர் சொன்னதில் ஓட்டை கிடையாது. மழை, சறுக்கும் தரை, முன் டயர் பஞ்சர் போன்ற சமயங்களுக்கு அவரும் பின் பிரேக்கைத்தான் சொன்னார்.

நான் ஏன் அந்தக் கட்சியில் சேரவில்லை என்று சொல்வதற்கு முன்னால், முன் பிரேக் மேல் நமக்கிருக்கும் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

குப்புற விழுவது உண்மையில் எப்படி நடக்கிறது? கணக்கு எளிது. சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து அது 60 சென்டிமீட்டர் போலப் பின்னால். உயரம் கூடினாலோ அந்தப் பின்தூரம் குறைந்தாலோ சீக்கிரம் கவிழும். பிரேக் பிடித்ததும் கை தளர்ந்து, உடம்பு வழுக்கிக்கொண்டு ஹேண்டில் பாருக்கு வந்தால் பின்தூரம் குறைகிறது. அப்போதுதான் ஆள் பறக்கிறான். பிரேக் ஆளைத் தூக்கி எறிவதை விட, ஆள் பிரேக்கின் மேல் போய் விழுவதுதான் அதிகம். கையை ஊன்றி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டால் அதே பிரேக் சாதுவாகிவிடும்.

ஊரில் நாம் பார்த்த குப்புற விழுந்த கேஸ்கள் பலவற்றில் பிரேக்குக்குச் சம்பந்தமே கிடையாது. ஹேண்டில் பாரில் மாட்டிய பை ஆடி ஆடிப் போக்ஸ் கம்பிக்குள் போயிருக்கும். மடக்கிய குடை போயிருக்கும். கட்டையைப் பிடிக்கும் நட்டு லூசாகிக் கட்டையே சக்கரத்துக்குள் நுழைந்திருக்கும். என் சித்தப்பா சில்லறை பொறுக்கியது ஒரு மஞ்சப் பையால். பழி என்னவோ இன்று வரை முன் பிரேக் மேல்தான்.

இருந்தாலும் முன் பிரேக்கை மட்டும் நம்புவதற்கு நான் கை தூக்க மாட்டேன். முதல் காரணம், நம் சாலை. முன் சக்கரம் சறுக்கினால் சமாளிக்க நேரமே கிடையாது, கண் மூடித் திறப்பதற்குள் தோள்பட்டை தரையில் இருக்கும். பின் சக்கரம் சறுக்கினால் ஆட்டம் காட்டும், பிடியை விட்டால் நேராகிவிடும். முன் பிரேக் மட்டும் என்ற வித்தை, அடுத்த மூன்று மீட்டர் தரை எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்கானது. நமக்கு அந்த வரம் கிடையாது. மணல் லாரி சிந்திய மணல், ஜல்லி, சாணி, பாதாளச் சாக்கடை மூடி, புதிதாகப் பெயிண்ட் அடித்த வரிக்கோடு. எங்கள் பக்கம் மாசி, பங்குனியில் உளுந்துச் செடியைக் காய்வதற்கு ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் மிதித்தே பயறு உதிர்ந்துவிடும், விவசாயிக்குக் கூலி மிச்சம். அதன் மேல் முன் பிரேக்கை அழுத்திப் பாருங்கள், தெரியும்.

இரண்டாவது காரணம், பயம். அவசரத்தில் கை முழு பலத்தோடுதான் இறுக்கும். அந்த நேரத்தில் "எழும்பப் போகிற அளவுக்கு" என்று அளந்து பிடிக்க நிறையப் பழகியிருக்க வேண்டும்.

இரண்டும் சேர்த்து, ஆனால் சமமாக அல்ல

நான் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் லிவருக்குப் போக வேண்டும். முதலில் கட்டை ரிம்மைத் தொடும் அளவுக்கு ஒரு தொடுகை, அதன் பிறகு வலது கையின் இறுக்கம் ஏறிக்கொண்டே போக வேண்டும். வெடுக்கென்று இழுப்பது கூடாது, ஈரத்துணியைப் பிழிவது போலப் பிழிய வேண்டும். தொடுகைக்கும் முழு இறுக்கத்துக்கும் நடுவே கால் விநாடி, அரை விநாடி இருந்தால் போதும். அதற்குள் பாரம் முன் சக்கரத்துக்கு ஏறி டயர் தரையைக் கவ்விக்கொள்ளும். காய்ந்த சாலையில் கவ்விய டயர் லேசில் சறுக்காது. பாரம் ஏறுவதற்கு முன்னால் வெடுக்கென்று பிடித்தால்தான் அது சறுக்கும்.

இடது கை லேசாக, ஒரே அளவில் இருக்கட்டும். அதன் முக்கியமான வேலை தகவல் சொல்வது. பின் சக்கரம் சறுக்க ஆரம்பித்தால், பின்பக்கம் பாரம் தீர்ந்துவிட்டது, முன்னால் எல்லையை நெருங்கிவிட்டாய் என்று அர்த்தம். அந்த நொடியில் வலது கையைத் துளி தளர்த்த வேண்டும். முன் பிரேக் மட்டும் பிடிக்கிறவருக்கு இந்த முன்னறிவிப்பு கிடைப்பதில்லை. அவருக்குப் பின் சக்கரம் தூக்கிய பிறகுதான் தெரியும். நான் இந்த வழிக்கு ஓட்டுப் போடுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

கூடவே உடம்பு. பெடல் இரண்டும் தரைக்குச் சமமாக, காலில் எடையைப் போட்டு, இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, முதுகைத் தாழ்த்தி, முழங்கையை லேசாக மடக்கிக் கையை ஊன்ற வேண்டும். கேட்க நீளமாக இருக்கிறது. செய்யும்போது ஒரே அசைவு, கிணற்றில் வாளி இழுப்பவர் பின்னால் சாய்வாரே, அதே மாதிரி. மகளுக்கு முதலில் இடுப்பு நகரவே இல்லை. பிரேக் பிடிக்காமல் வெறுமனே ஓட்டிக்கொண்டே இடுப்பைப் பின்னால் கொண்டுபோய்க் கேரியர் மேல் உட்காரப் பார் என்றேன். பத்து முறை செய்ததும் வந்துவிட்டது. அப்புறம்தான் பிரேக்.

சைக்கிள் நேராக, நிமிர்ந்து இருக்கும்போது மட்டும் இது செல்லும். வளைவில் சாய்ந்து போகும்போது டயரின் பிடிமானத்தில் ஒரு பங்கை வளைவே சாப்பிட்டுவிடும், மீதிதான் பிரேக்குக்கு. வளைவில் எதிரே ஏதாவது வந்தால் முதலில் சைக்கிளை நிமிர்த்த வேண்டும், அப்புறம் பிடிக்க வேண்டும். நிமிர்த்த இடம் இல்லாவிட்டால் இரண்டையும் மென்மையாக. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது இதற்காகத்தான். இறக்கத்தில் குப்புற விழும் எல்லையும் நெருங்கி வந்துவிடும், முன் சக்கரம் ஏற்கெனவே கீழே இருக்கிறதல்லவா.

பின் பிரேக் ஜெயிக்கும் இடங்கள்

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். மணலில், சேற்றில், உளுந்துச் செடியில் பின் பிரேக்தான் முதன்மை, முன் பிரேக் ஒப்புக்கு. முன் டயரில் காற்று இறங்கிவிட்டால் முன் பிரேக்கை மறந்துவிட வேண்டும். மழை நாளில் இரண்டையும் பிடிக்கலாம், ஆனால் வலது கையின் பங்கைக் குறைத்து, தூரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முதல் மழையில் ரோட்டில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் கரைந்து பசை மாதிரி ஆகிவிடும். நாலு நாள் அடைமழையை விட அந்த முதல் அரை மணி நேரம் மோசம்.

டபுள்ஸ் போகும்போதும் கணக்கு மாறும். கேரியரில் ஆள் உட்கார்ந்தால் பாரம் பின்னால் போய்விடுகிறது. குப்புறக் கவிழும் பயம் வெகுவாகக் குறையும், பின் பிரேக்குக்கும் நிஜமாகவே பிடிமானம் கிடைக்கும். ஆனால் நிறுத்த வேண்டிய எடை ஏறக்குறைய இரட்டிப்பு, அதற்கு ஒரு பிரேக் போதாது. பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கும் இதே நிலைமை. குழந்தையை முன் பாரில் உட்கார வைத்தால் எல்லாம் தலைகீழ். அப்போது வலது கை ரொம்ப மெதுவாக. அதை விட, வேகமே வேண்டாம்.

திருப்பித் தப்பிப்பது

மகள் கேட்டாள்: "ஏன்ப்பா, நிக்கறதுக்குப் பதிலா ஒடிச்சுட்டுப் போயிட்டா?"

நியாயமான கேள்வி. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நாலு மடங்காகும், ஒரு மீட்டர் விலகத் தேவைப்படும் தூரமோ இரண்டு மடங்கு மட்டும். அதனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் வருகிறவருக்கு விலகுவது லாபம். பள்ளிக்கு 15, 18 கிலோமீட்டரில் போகிறவளுக்கு நிற்பதே குறைந்த தூரம். சைக்கிள் சாய்ந்துதான் திரும்பும், சாய்வதற்கே முக்கால் விநாடி போய்விடும். போதாததற்கு நாம் விலகுவது பெரும்பாலும் வலப்பக்கம், அங்கே பின்னால் எந்த பஸ் வருகிறதோ யாருக்குத் தெரியும். எங்கள் ஊரில் முந்துகிறவர் ஹாரன் அடித்தால் பாக்கியம், அடிக்காவிட்டால் விதி.

ஆனால் ஒரு இடத்தில் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பஸ் நம்மை முந்திக்கொண்டு வந்து, நம் மூக்குக்கு முன்னால் இடப்பக்கம் ஒடித்து ஸ்டாப்பில் நிற்கும். பக்கவாட்டில் பஸ்ஸின் உடம்பு நம்மை நெருக்கிக்கொண்டு வருகிறது, நிற்க நேரமில்லை. அப்போது பஸ்ஸோடு சேர்ந்து இடப்பக்கம் திரும்பிவிடுவதுதான் வழி. வேகமாகத் திரும்ப ஒரு தந்திரம்: இடது கையால் ஹேண்டில் பாரை ஒரு நொடி முன்னால் தள்ளுங்கள். சக்கரம் வலப்பக்கம் திரும்பும், அதாவது பஸ்ஸை நோக்கி. உடனே சைக்கிள் இடப்பக்கம் சாயும், சாய்ந்த வேகத்தில் சக்கரம் இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு போகும். தப்பிக்க வேண்டிய பக்கத்துக்கு எதிராக முதலில் திருப்புவது என்பது மூளைக்கு ஏறாது. காலி மைதானத்தில் மெதுவாகச் செய்து பார்த்தால் உடம்புக்கு ஏறிவிடும். திரும்பும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும். முதலில் பிரேக், அப்புறம் திருப்பல், அல்லது திருப்பல் மட்டும்.

காலை ஊன்றுவது, ரப்பர் செருப்பை டயரில் வைத்துத் தேய்ப்பது, குதித்துவிடுவது எல்லாம் பிரேக் இல்லாத வாடகை சைக்கிள் காலத்து வைத்தியம். நடை வேகத்தில் பலிக்கும். அதற்கு மேல் கணுக்கால் போகும். முன் டயரில் செருப்பை வைக்கும் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். செருப்பு ஃபோர்க்கில் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்டால் சிரிப்பார்கள். சைக்கிளைப் படுக்கப் போட்டுச் சறுக்கி நிறுத்தலாம் என்பாரும் உண்டு. படுத்த பிறகு திருப்பவும் முடியாது, எழவும் முடியாது, எதிரே லாரியாக இருந்தால் சக்கரத்துக்கு நேராகவே போய்ச் சேர்வோம். இதைப் பற்றி அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டு மூன்று சைக்கிள்

எந்த வழி என்பது கையிலிருக்கும் சைக்கிளையும் பொறுத்தது. என்னுடையதில் டிஸ்க் பிரேக். மழையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிடிக்கும், இரண்டு விரல் போதும். அதனாலேயே வெடுக்கென்று பிடிக்கும் பழக்கம் இதற்கு ஆகாது. டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் மட்டும் கதை முடிந்தது. செயினுக்கு எண்ணெய் விடும்போது துணியால் டிஸ்க்கை மூடிக்கொள்வேன்.

மகளுடையதில் அலுமினிய ரிம், கட்டைப் பிரேக். காய்ந்த நாளில் எந்தக் குறையும் இல்லை. மழையில் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குக் கட்டை தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கும், பிடிக்காது. அதன் பிறகு திடீரென்று கவ்வும். அந்தத் திடீர்தான் ஆபத்து. மழையில் போகும்போது அவ்வப்போது லிவரை லேசாகத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே போகச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய கட்டைகளைக் கழற்றிப் பார்த்தபோது பின் கட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது, முன் கட்டையில் புதிதாக வாங்கிய அன்றைய வரிப்பள்ளம் அப்படியே இருந்தது. இரண்டு வருஷத்துப் பயம் அந்த ரப்பரில் எழுதியிருந்தது.

அப்பாவுடையது கறுப்புப் பெரிய சைக்கிள், கம்பி பிரேக், குரோம் பூசிய இரும்பு ரிம். கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் மேல்நோக்கி அழுத்தும். காய்ந்த நாளிலேயே மந்தம். மழையில் இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். இதில் குப்புற விழும் அளவுக்கு முன் பிரேக்கை இறுக்க நினைத்தாலும் முடியாது. சைக்கிள் நீளமானது, பாரம் நன்றாகப் பின்னால் உட்காரும், பிரேக்கும் பலவீனம். ஆகவே அப்பாவுக்கு நான் சொல்லும் பரிந்துரை எளிது: இரண்டையும் முழுசாகப் பிடியுங்கள், அப்போதும் போதாது. அவர் கேட்கவில்லை. "நாப்பது வருஷமா ஓட்டறேன்டா" என்கிறார். உண்மைதான், 10 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனதே இல்லை. அதுவும் ஒரு பிரேக்தான், ஒப்பீட்டில் அதற்குத் தனி மார்க் போடலாம்.

கை மாறாட்டம்

இந்தியாவிலும் இலங்கையிலும் இங்கிலாந்திலும் வழக்கமாக வலது கை முன் பிரேக். அமெரிக்காவிலும் ஐரோப்பியக் கண்டத்து நாடுகளிலும் இடது கை முன் பிரேக். பாரிஸிலோ டொராண்டோவிலோ வாடகை சைக்கிள் எடுக்கும் நம்மவர் இடது கையை வழக்கம் போல இறுக்கினால், இத்தனை நாள் தொடாத முன் பிரேக் முழு பலத்தோடு பிடிக்கும். நெதர்லாந்தில் பல சைக்கிள்களில் பெடலைப் பின்னால் மிதித்தால்தான் பிரேக், அது பின் சக்கரத்துக்கு மட்டும். நம் ஊரிலும் மெக்கானிக் ஒயரை மாற்றும்போது இடம் மாற்றி மாட்டிவிடுவது உண்டு. எந்தச் சைக்கிளில் ஏறினாலும், ஏறுவதற்கு முன் வலது லிவரைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளிப் பாருங்கள். பின்பக்கம் தூக்கினால் அதுதான் முன் பிரேக். ஐந்து விநாடி வேலை.

ஆக, மகளுக்கான முடிவு இரண்டு பிரேக், வலது கை அதிகம், இடுப்பு பின்னால். அதைச் சொன்னதால் மட்டும் அவளுக்கு வந்துவிடவில்லை. அவசரத்தில் கை யோசிக்காது, பழகியதைச் செய்யும். இரண்டு வருஷம் இடது கையை மட்டும் பழக்கியிருக்கிறேன், அதை அழிக்க எத்தனை ஞாயிறு ஆகுமோ. இப்போதைக்கு அவசரமில்லாத நேரத்தில், கேட் முன்னால் நிற்பதற்குக்கூட, வலது கையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. கடைத்தெருவிலும் ஸ்டாப் பக்கத்திலும் இரண்டு விரல் லிவர் மேலேயே இருக்க வேண்டும். விரல் அங்கேயே இருந்தால் அரை விநாடியாவது மிச்சம், 18 கிலோமீட்டர் வேகத்தில் அது இரண்டரை மீட்டர்.

நாலாவது ஞாயிறு கோட்டில் பிடித்தபோது பின் சக்கரம் இரண்டு விரற்கடை எழும்பி இறங்கியது. இறங்கியதும் அவள் முகம் வெளுத்துப்போனது, பிறகு சிரித்தாள். தப்படி போட்டேன், மூன்றரை. "இன்னொரு தடவ" என்று அவளே கோட்டுக்குத் திரும்பப் போனாள். அதற்குள் வாட்ச்மேன் வந்து, ஆவணி முகூர்த்தத்துக்குப் பந்தல்காரர்கள் சாமான் இறக்கப் போகிறார்கள், இடத்தைக் காலி பண்ணுங்கள் என்றார்.